கோட்டுக்கு ஒரு சாண் வெளியே

வாலிபாலில் அடிப்பவளுக்குப் பந்தை மேலே வைத்துக் கொடுக்கிற செட்டர் நகம் வளர்க்கக் கூடாது, சார். வாரத்துக்கு இரண்டு முறை பத்து விரலையும் ஒட்ட வெட்டிவிடுவேன். நகம் பட்டால் பந்து மேலே போகும்போது சுழலும். சுழல்கிற பந்து அடிப்பவளுக்குப் பிடிக்காது; செந்தாமரைக்குப் பிடிக்கவே பிடிக்காது. எட்டாம் வகுப்பிலிருந்து அவளுக்காகத்தான் நகம் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய கிளப்பிலிருந்து விசாரிக்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த தாளைப் படித்தேன். 'செட்டர் மங்கையர்க்கரசி தவறுதலாகக் கோட்டுக்கு வெளியே கொடுத்த பந்தை அடித்து இறங்கும்போது, நிலத்து வெடிப்பில் இடது கால் சிக்கி முழங்கால் சேதம்.' கையெழுத்துப் போட்டால் விபத்து என்று முடித்துவிடலாம் என்கிறீர்கள். தவறுதலாக என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் டூ படிக்கும்போது கும்பகோணத்தில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு நல்ல காய்ச்சல். "வாடி, நீ இல்லாம எனக்கு அடிக்க வராது" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாள். முப்பது பந்து வைத்துக் கொடுத்தேன். முப்பதையும் அடித்தாள். "அந்த அடிக்கிற பொண்ணு பேரை எழுதிக்குங்க" என்றார் ஒருவர். வைத்துக் கொடுத்தவள் பெயரை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பிறகு அவளுக்குச் சென்னை, ரயில்வே வேலை, இந்திய அணி முகாம், உங்கள் லீக் எல்லாம் வந்தது. எங்கள் ஊர் வலங்கைமான் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நான் பி.டி. டீச்சர் ஆனேன். காலையில் பிரேயருக்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவேன். இதில் எனக்கு வருத்தமில்லை. பொறாமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருஷா வருஷம் வைகாசித் திருவிழா ஆட்டத்துக்கு அவள் ஊருக்கு வருவாள். அன்றைக்கு என் பந்தைத்தான் அடிப்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன மாசியில் டிவியில் ஒரு பெண் அவளிடம் கேட்டாள், "ஊர்ல உங்களுக்கு யாருங்க பயிற்சி கொடுத்தது?"

இவள் சிரித்தாள். "பயிற்சியெல்லாம் ஏதுங்க? சும்மா யாராவது பந்தைத் தூக்கிப் போடுவாங்க, நான் அடிப்பேன்."

பக்கத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மா பெருமையாகச் சொன்னாள், "யாராவதுன்னு உன்னைத்தான்டி சொல்றா."

நான் எழுந்து போய்ச் சாப்பிட்டேன். சாம்பாருக்கு உப்பு போதவில்லை, போட்டுக்கொண்டேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், சார். கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். கோபம் வந்தால் கை நடுங்கும். எனக்கு நடுங்கவில்லை.

எங்கள் ஆட்டம் அறுப்பு முடிந்த வயலில்தான் நடக்கும். களிமண் நிலம். வைகாசியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பை ஆள் வைத்து அடைப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. யார் கால் வைக்கப்போகிறார்களோ அவர்களே சேறு குழைத்து அடைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பங்கு. செந்தாமரை ஆட்டத்தன்று காலையில்தான் வருவாள் என்பதால் அவள் பங்கையும் நானே எடுத்துக்கொண்டேன்.

வலை ஓரமாக, கோட்டுக்கு ஒரு சாண் வெளியே ஒரு வெடிப்பு இருந்தது. பாதம் நுழையும். ஆழம் கெண்டைக்கால் வரை. அதில் சேறு ஊற்றவில்லை. மேலே சாக்குத் துண்டை விரித்து மணலைத் தூவினேன். ஆட்டத்தை நடத்துகிற துரைராசு அண்ணன் வந்து பார்த்தார்.

"எல்லாம் அடைச்சாச்சா, டீச்சர்?"

"அடைச்சாச்சுண்ணே."

"உங்க வேலைன்னா சுத்தம்தான்."

முதல் செட்டில் அந்த மூலை எங்கள் பக்கம் இருந்தது. நான் அவசரப்படவில்லை. அவளுக்கு உடம்பு சூடாகியிருக்கவில்லை. முழு உயரத்துக்கு எழும்ப மாட்டாள். இரண்டாவது செட்டில் பக்கம் மாறினோம். எதிரணியில் எல்லாம் திருவாரூர்க் கல்லூரிப் பிள்ளைகள், பதினெட்டு வயது. அதுகளில் ஒன்று போய் மிதித்துவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மூலைக்குப் பந்து போகாதபடியே ஆடினேன். அதனால்தான் அந்த செட் தோற்றோம். அடுத்தவர் பிள்ளைக்கு ஒன்று ஆகக்கூடாது என்று நினைக்கிறவள் நான்.

மூன்றாவது செட்டில் பாதியில் மறுபடி பக்கம் மாறினோம். பதினொன்றுக்குப் பதினொன்று. பின்னாலிருந்து பந்து எனக்கு அழகாக வந்தது. "மங்கை, எனக்கு" என்று ஓடிவந்தாள். கொடுத்தேன். அந்தப் பந்து ஒரு சுற்றுகூடச் சுழலவில்லை, சார். மேலே எழுதியிருந்த கம்பெனிப் பெயரைப் படித்திருக்கலாம். நான் எங்கே வைக்கிறேனோ அதற்கு நேர் கீழேதான் அவள் இறங்குவாள், இடது காலில். அது எனக்குத் தெரிந்த அளவு அவளுக்கே தெரியாது.

அவள் அடித்தது பாயிண்ட். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்ததால் முட்டி பிசகிய சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

துரைராசு அண்ணன் மைக்கில், "டீச்சருக்குக் கை தப்பிடுச்சுங்க" என்றார். அதைத்தான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். தப்பவில்லை. பதினான்கு வருஷத்தில் நான் கொடுத்த பந்துகளில் அவ்வளவு சரியான பந்து வேறு இல்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை வேனில் அவள் கால் என் மடியில்தான் இருந்தது. டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். நடப்பாள், இனி ஆட மாட்டாள். ஆவணியில் தாய்லாந்துக்கு ஆடப் போக இருந்தவள். செய்தி கேட்டு வார்டே அழுதது. அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"எல்லாரும் உன்னைத் திட்டுறாங்களாமே. நீ மனசுல வச்சுக்காதடி. எத்தனையோ பேர் பந்தை அடிச்சிருக்கேன், எப்பவும் ஒரு கண்ணு தரையில இருக்கும். உன் பந்துக்கு மட்டும் நான் கீழ பார்த்ததே இல்ல."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பதினான்கு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. ஒரு தடவை டிவியில் சொல்லியிருந்தால் போதும்.

வெடிப்பை மூடியது நான், பந்தை அங்கே வைத்தது நான், வேண்டுமென்றே வைத்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் இந்தத் தாளைக் காட்டாதீர்கள், சார். அவளாக மனசு வந்து பாராட்டியிருக்கிறாள். அதைப் போய் நாம் ஏன் கெடுக்க வேண்டும்?