ஐறீன் அக்கா வீட்டில் விளக்கு வேண்டாம்

தலைமை நாற்காலியை நிரப்பி, இரு பக்கமும் சற்றே வழிந்து வீற்றிருக்கும் பெருந்தகை சவுந்தரநாயகம் ஐயா அவர்களே! நான் எப்போது இறங்குவேன் என்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வெற்றிவிழாச் சபைச் செயலாளர் நவரத்தினம் அவர்களே! கூப்பன் கடை வரிசையில் கால் கடுக்க நின்று கொட்டாஞ்சேனையைக் காத்த தாய்மாரே! தலை நரைத்தும் தைரியம் நரைக்காத பெரியோரே! பின்வரிசையில் பீடி புகைக்கும் என் துறைமுகத் தோழர்களே! புகையுங்கள், புகையுங்கள். இருட்டடிப்பு முடிந்துவிட்டது, இனி உங்கள் பீடி நெருப்பைப் பார்த்து எவனும் குண்டு போடமாட்டான். அனைவருக்கும் துறைமுகத்தில் வின்ச் ஓட்டிச் சரக்கு இறக்கும் கொன்ஸ்ரன்ரைனின் வணக்கம்.

நன்றியுரை சொல்லத்தான் என்னை மேடையேற்றினார்கள். நான் படித்தது அரிவரிக்கு அடுத்த வகுப்பு வரைதான். ஆனால் கூத்தில் மந்திரி வேஷம் கட்டியவன். ராசா தூங்கினாலும் மந்திரி பேசியாக வேண்டும். ஐயா, உங்களைச் சொல்லவில்லை.

ஜேர்மன்காரன் கைதூக்கிவிட்டான். ஐரோப்பாவில் பீரங்கி ஓய்ந்தது. நல்லது! ஆனால் யுத்தம் என்பது என்ன? படித்தவர்களுக்கு அது பத்திரிகையில் வரும் படம். நமக்கோ அது அரிசிக்குப் பதில் கோதுமைப் பாண்! காலையில் பாண், மாலையில் பாண், கனவில் மட்டும் சோறு. தலையாட்டும் தாயே, உங்கள் கனவில் கறியும் வருமா? என் கனவில் சோறு வரும்போதே பிறிஜெற் எழுப்பிவிடுவாள். அதோ முறைக்கிறாள், என் மனைவி.

நாற்பத்திரண்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு நினைவிருக்கிறதா? பூசை முடிந்து வருகிறோம். வானத்தில் படபடவென்று சத்தம்.

"ஆரோ நல்லா வெடி கொளுத்துறாங்கள்" என்றேன்.

"இந்த விலைக்கு ஆரப்பா இவ்வளவு வெடி வாங்கினது?" என்றாள் பிறிஜெற்.

அண்ணாந்து பார்த்தால் விமானங்கள்! நம்மவர்கள் பெருநாளுக்குப் பறக்கிறார்கள் என்று எண்ணி, தோளில் கிடந்த புதுச் சால்வையைக் கழற்றி ஆட்டினேன். யப்பான்காரனுக்குச் சால்வை காட்டி வரவேற்ற ஒரே கொட்டாஞ்சேனைக்காரன் நான்தான்! என்ன அண்ணை? 'நீ மட்டுமோ, நாலைஞ்சு பேர் காட்டினவை' என்கிறீரா? அப்படியானால் நீரும் ஒருவர். கையைத் தூக்கும், ஊர் பார்க்கட்டும்.

அதன்பிறகு சிரிப்பில்லை, சபையோரே. துறைமுகம் புகைந்தது. மறுநாள் மருதானை ஸ்டேஷனில் மனிதர்மேல் மனிதர். அடுப்பை அணைக்காமல் போனவர்கள் உண்டு, ஆட்டை அவிழ்க்காமல் போனவர்கள் உண்டு. எங்கள் தெருவில் மிஞ்சியது வேலையை விட்டுப் போகமுடியாத நாங்கள் சிலர். எங்களோடு ஐறீன் அக்கா.

ஹெந்தளையிலிருந்து அவருடைய தங்கை வண்டி கொண்டுவந்து வாசலில் நின்று கெஞ்சினாள். "அக்கா, சாமானை ஏத்துங்கோ."

"நீ போ பிள்ளை. நான் வரேல்லை."

அவ்வளவுதான். பிடிவாதம் என்றோம் நாங்கள்.

அவருக்கு ஒரே மகன், கிளெமென்ற். கிழக்கே யுத்தம் மூளுவதற்கு முந்திய ஆண்டு, கப்பல் கந்தோர் ஒன்றில் வேலை என்று சிங்கப்பூர் போனவன். சிங்கப்பூர் யப்பான்காரனிடம் விழுந்தது. பிறகு ஒரு சொல் இல்லை, ஒரு சேதி இல்லை.

வேலை முடிந்து நான் வரும்போது அவர் வாசலில் நிற்பார். "தம்பி, இண்டைக்கு எங்கத்தைக் கப்பல்?"

என்ன சொல்வேன்? உலகமே நம் துறைமுகத்துக்கு வந்ததே! பம்பாயிலிருந்து வந்தது, மொம்பாசாவிலிருந்து வந்தது, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. என் வின்ச் கயிற்றில் டாங்கி இறங்கியது, மா மூட்டை இறங்கியது, கோவேறு கழுதைகூட இறங்கியது. சிங்கப்பூரிலிருந்து ஒரு தோணி வந்ததா? ஒரு துடுப்பு வந்ததா?

"மாதான் வந்தது அக்கா. மாட்டுக்கோ மனுசருக்கோ தெரியேல்லை" என்பேன். சிரிப்பார். சிரித்துவிட்டுக் கடல் பக்கம் பார்ப்பார்.

ஒருநாள் பகிடியாகச் சொன்னேன்: "அக்கா, சிங்கப்பூர் அங்கால இல்லை. உங்கட முதுகுக்குப் பின்னால."

"தெரியும் தம்பி. ஆனா கப்பல் இதாலதானே உள்ள வரவேணும்."

இப்போது இன்றைய சங்கதி. அழகாக விளக்கேற்றும் தெருவுக்கு வெற்றிக் கிண்ணம் என்று சபை அறிவித்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கடதாசி வெளிச்சக்கூடு, வாசலுக்கு வாசல் எண்ணெய் விளக்கு. பொடியன்கள் ஐறீன் அக்காவின் சுவரிலும் கட்டினார்கள். அவர் சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றாக அவிழ்த்து, கசங்காமல் திருப்பிக் கொடுத்தார். பொறாமைக்காரி என்று ஒரு வாய் சொன்னது. "நடுத்தெருவில ஒரு வீடு இருட்டா இருந்தா கிண்ணம் கிடைக்குமோ? பொழுதுபடக் கட்டாயம் கட்டுவம்" என்றார் நம் செயலாளர். என்னைத் தூது அனுப்பினார்.

போனேன். "அக்கா, சண்டை முடிஞ்சது. ஒரு விளக்கு வைச்சா என்ன?"

"ஆரின்ர சண்டை தம்பி முடிஞ்சது? யப்பான்காரன் இன்னும் சண்டை பிடிக்கிறான். என்ர பிள்ளை அவன்ர கைக்குள்ள. நான் என்னெண்டு வெற்றி விளக்குக் கொளுத்துறது?"

"கூட்டத்துக்காவது வாங்கோ அக்கா" என்றேன்.

"குண்டு விழேக்கையே நான் வெளிக்கிடேல்லை. அவன் வந்து கதவைத் தட்டேக்க ஆள் நிக்க வேணும்."

தாய்மாரே, சோறு திரும்பும். தெரு வெளிச்சம் திரும்பும். ஓடிப்போன அயலவர் திரும்பிவிட்டார்கள், அவர்களுடைய கடன்கூடத் திரும்பிவிட்டது! ஆனால் ஒருத்தியின் பிள்ளை திரும்பாதபோது நம் தெருவுக்கு யுத்தம் முடிந்ததா? முடிந்தது என்று அந்தச் சுவரில் ஆணி அடிக்க யாருக்குக் கை வரும்?

நவரத்தினம் அவர்களே, அந்த வீடு அப்படியே இருக்கட்டும். கிண்ணம் போனால் போகட்டும்; ஒரு கிண்ணத்தில் தெரு முழுக்கத் தேநீர் குடிக்கவா போகிறோம்? நடுவர்கள் வந்து ஏன் இருட்டு என்று கேட்டால், வாசலில் நான் நிற்பேன். இந்த வீட்டுப் பிள்ளை இன்னும் வரவில்லை ஐயா என்று சொல்லுவேன். தலைவர் அவர்களே, தங்கள் வாக்கு வேண்டும். ஆட்டுகிறார்! தலையை ஆட்டிவிட்டார்! முகத்தையும் துடைக்கிறார். வேர்வையாம். சரி ஐயா, வேர்வைதான்.

பந்தல் போட்ட கைகளுக்கும், பாட்டுப் பாடிய பிள்ளைகளுக்கும், இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்த பிறிஜெற்றுக்கும் நன்றி. இனி வாத்தியம் முழங்க நம் தெருவழியே ஊர்வலம் போவோம். ஆடுங்கள், பாடுங்கள், அதிர வையுங்கள். அந்த இருட்டு வீட்டைக் கடக்கும்போது மட்டும் மேளத்தை நிறுத்துங்கள். யாராவது கதவைத் தட்டினால் அக்காவுக்குக் கேட்க வேண்டும்.

எல்லோருக்கும் என் வணக்கம். மெதுவாக நடந்து போங்கள்.