புறப்படும் முன் ஒரு டம்ளர் கஷாயம்

என் வீட்டுக்காரர் எனக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். காசுக்காகத்தான் செய்தாயா என்று நீங்கள் கேட்டதால் இதை முதலில் எழுதுகிறேன், இன்ஸ்பெக்டரம்மா. இல்லைங்க. காசு வேண்டுமென்றால் அவரை ஊருக்குப் போக விட்டிருப்பேன்.

அவர் பெயர் முருகவேல். வாயால் சொல்ல மாட்டேன், எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். மகள் கவிநிலா ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுத்துக் கற்றுக்கொண்டேன்.

நான் சித்தாள். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ரூம்களில் பாதிக்குச் செங்கல் சுமந்தது இந்தத் தலைதான். அவரும் கொத்து வேலைதான் செய்துகொண்டிருந்தார். திடீரென்று சாம்பிராணி வியாபாரம் என்று கிளம்பினார். முதல் சரக்குக்கு என் சீட்டுப் பணம் போனது. "ஒரே டூரு, பச்ச. வந்ததும் உன் கைல வெக்கிறேன்" என்றார். பச்ச என்றுதான் என்னைக் கூப்பிடுவார். ஓசூர், பெங்களூர், கர்னூல் என்று போவார். வரும்போது பணம் அடுத்த சரக்காக மாறியிருக்கும்.

வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். தினமும் கழுவிக் கட்ட வேண்டும். மகளுக்கு வீசிங். கலவைச் சட்டியை இறக்கிவிட்டு வந்து நான் புண் கழுவிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அவர் போன் பண்ணுவார்.

"அம்மா கால் எப்டி கீது?"

"அப்டியேதான் கீது."

"பாப்பா?"

"மூச்சு இழுக்குது."

"நல்லா பாத்துக்கோ. இங்க லாட்ஜ்ல ஒரே கொசு, தூக்கமே கம்மி."

ஒரு பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில் இருந்த அன்னதானப் பந்தல் ஒன்றைக்கூட விடாமல் சாப்பிட்டு வந்தார். வயிறு கெட்டது. பஸ் ஏற முடியவில்லை. ஒரு வாரம் வீட்டோடு கிடந்தார். முதல் இரண்டு நாள் கொல்லைக்கும் கட்டிலுக்கும் நடந்தார். அப்புறம் பொழுது போகாமல் அம்மாவின் காலைக் கழுவிக் கட்டினார். பூச்சு வேலை செய்த கை, என்னைவிடச் சுத்தமாகக் கட்டினார். மகள் அப்பா மடியில் படுத்து மூச்சு இழுக்காமல் தூங்கினாள். நான் வேலைவிட்டு வந்தால் அவரைக்காய் நறுக்கியிருந்தது. கல்யாணமான பிறகு நான் உட்கார்ந்து டீ குடித்தது அந்த வாரம்தான்.

அதற்குப் பிறகு யோசித்தேன். காய்ச்சல் என்றால் ஊசி போட்டு எழுந்துவிடுவார். கால் உடைந்தால் அவரையும் நானே சுமக்க வேண்டும். வயிறுதான் தோது. வயிறு கெட்டவரால் பஸ்ஸில் போக முடியாது, வெங்காயம் உரிக்க முடியும்.

மாமியார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பிள்ளை ஊருக்குப் புறப்படும்போது சுக்குக் கஷாயத்தில் குபேர லிங்கத்துத் திருநீறு ஒரு சிட்டிகை போட்டுப் பெண்டாட்டி கையால் தர வேண்டும். அவர் கிழக்கே பார்த்து, கண்ணை மூடி, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். ஆக டம்ளர் ஏற்கெனவே என் கையில்தான் இருந்தது. நான் புதிதாக எதையும் தொடங்கவில்லை. தேரடி வீதி நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரைப் பொடி வாங்கினேன், அவ்வளவுதான். வயிற்றைக் கழுவுகிற பொடி. பொட்டலத்தில் அரை ஸ்பூன் என்று போட்டிருந்தது. எழுதியிருப்பதை மதிக்கிறவள் நான். அரை ஸ்பூன்தான் போட்டேன்.

"இன்னாம்மா இது, இந்த வாட்டி கசக்குது" என்றார்.

"சாமி துண்ணூறுடா. கசந்தாத்தான் வேல செய்யும்" என்றார் மாமியார்.

வேலை செய்தது.

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் குபேர லிங்கத்துக்குப் போய்த் தேங்காய் உடைத்து, இன்னும் திருநீறு கொண்டுவந்தார். "இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா போடு, பச்ச" என்றார். போட்டேன். கேட்டது அவர்தான், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படியே ஒரு வருஷம் நல்லபடியாகப் போனது. பத்துத் தடவை கிளம்பினால் இரண்டு தடவை விட்டுக்கொடுப்பேன், பாவம், ஆம்பளை ஆசை. மாமியார் புண் மூடியது. மகளுக்கு இழுப்பு நின்றது. எனக்குக்கூடக் கன்னத்தில் சதை வைத்தது. அவர் மட்டும் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார். நாலு பேரில் மூணு பேர் தேறினால் அதைக் குறை என்று சொல்ல முடியுமா?

அப்போதுதான் ஐதராபாத் ஆர்டர் வந்தது. ஒரு மாசம் தங்க வேண்டுமாம். ஒரு மாசத்துக்கு வழக்கமான அளவு எப்படிப் போதும்? பொட்டலத்தில் மீதியிருந்ததை எல்லாம் கொட்டினேன்.

ராத்திரியெல்லாம் கொல்லைக்கு நடந்தும் விடாமல் மறுநாள் கிளம்பிப் போய், பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டார். உடம்பில் தண்ணீரே இல்லை, கிட்னி அடிபட்டிருக்கிறது, இன்னும் அரை நாள் போயிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் நான் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னைப் பார்த்து, உன் புருஷன் கொடுத்துவைத்தவர் என்றார்கள்.

நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். முதல் வேலையாகப் போனை எடுத்து, "திங்கக்கெழம ஐதராபாத்ல இருப்பேன் சார்" என்றார்.

நான் வீட்டுக்குப் போய்ப் பிளாஸ்கில் கஷாயம் கொண்டுவந்தேன்.

நர்ஸ் பொண்ணு மெஹ்ஜபீன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தது. "அக்கா, இது நிலாவாரை ஆச்சே. எங்கப்பா நாட்டு மருந்துக் கடைதான் வெச்சிருந்தாரு. யாருக்கு இது?"

"அவருக்குத்தான்" என்றேன். எனக்குப் பொய் வராது. அது போய் டாக்டரிடம் சொன்னது, டாக்டர் உங்களுக்குச் சொன்னார்.

நேற்று என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு இந்த ஸ்டேஷனுக்கு வந்து சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "எம் பொண்டாட்டி அப்டி செய்ய மாட்டா மேடம். அந்தப் பொடி எங்கம்மாவுக்கு வாங்கினது." என் பக்கம் திரும்பி, "இந்த டூரு முடிஞ்சதும் உன் காசு வந்துடும், பச்ச" என்றார்.

அந்தக் காசை நான் தள்ளுபடி செய்துவிட்டேன். அவரிடம் சொல்லிவிடுங்கள். காசா பெரிசு? மனுஷன் கண்ணெதிரில் இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறாராம். அதற்குள் என்னை அனுப்பிவிடுங்கள். மாமியாருக்குக் கை நடுங்கும், கஷாயத்தை அளவாகக் கலக்க வீட்டில் வேறு ஆள் இல்லை.