வலி நின்ற பல்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டு வந்த மதியம். சமையலறை மேசையில் ஷெல்பி, எதிரே அவள் அப்பா ஹோபர்ட். இனி நான் குறுக்கே பேசமாட்டேன். அவர்கள் பேசட்டும்.

— மறுபடியும் மோரும் சோள ரொட்டியுமா? பல்லை மாட்டுப்பா. கோழி பொரிச்சிருக்கேன்ல.

— அட விடு கண்ணு. சோள ரொட்டி மோர்ல ஊறிட்டா அதுக்கு மேல என்ன வேணும்?

— ஏழு வருஷமா அந்தப் பல்செட்டு டப்பாவுலயே தூங்குது. சபைக்காரங்க ஆசையா செஞ்சு குடுத்தது. ஈறு உறுத்துதுன்னா சொல்லு, தேய்ச்சு சரி பண்ணித் தரேன். ஊருக்கெல்லாம் செய்யறவ பெத்த அப்பனுக்குச் செய்யமாட்டேனா?

— உறுத்தலெல்லாம் ஒண்ணுமில்ல. நீ விண்ணப்பத்தைப் பாரு. நாளைக்குக் கடைசி நாளுன்னு நீதானே சொன்ன.

— பாத்துட்டுத்தான் இருக்கேன். அதுவும் என்னை மொறைச்சுப் பாக்குது.

— மூணாவது தடவை. இந்தத் தடவை எடுத்துக்குவாங்க, பாரேன். வேலைக்கும் போய்க்கிட்டு ரெண்டு வருஷம் மறுபடி படிச்சியே, எல்லாத்துலயும் ஏ. நுழைவுத் தேர்வுலயும் நல்ல மார்க்கு. இன்னும் என்னதான் வேணுமாம் அந்தப் பல் டாக்டர் காலேஜுக்காரங்களுக்கு?

— பழசு அழியாதுப்பா. இப்ப வாங்கின ஏயையும் அப்ப வாங்கின டியையும் ஒண்ணாக் கூட்டித்தான் சராசரி போடுவாங்க. எவ்வளவு தேய்ச்சாலும் கறை தெரியும்.

— ரெண்டு தடவையும் அதுக்குத்தான் வேணாம்னாங்களா?

— போன தடவை ஃபோன் பண்ணிக் கேட்டேன். 'மூணாவது வருஷம் உனக்கு என்னம்மா ஆச்சு?'ன்னாங்க ஒரு அம்மா. ஃபோனை வெச்சுட்டேன். நேத்து எங்க பல் ஆஸ்பத்திரி டாக்டர் ராட்லிஃப்கூடத் திட்டித் தீர்த்துட்டார். 'அஞ்சு வருஷமா என்கிட்ட வேலை பாக்கிற, சிபாரிசுக் கடிதாசியில உன்னைத் தலைமேல வெச்சு எழுதிட்டேன். ஆனா அந்த வருஷத்துக்கு நீதான் பதில் சொல்லணும். சொல்லலைன்னா சோம்பேறின்னு ஒதுக்கிடுவாங்க. நாலாவது தடவையெல்லாம் யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க'ன்னார்.

— சொல்ல வேண்டியதுதானே? தம்பி செத்துட்டான்னு எழுது. ட்ராவிஸ் பேரைப் போட்டு எழுது.

— எழுதியிருக்கேன். 'குடும்பத்தில் ஓர் இழப்பு'ன்னு.

— அது என்னது, துக்க அட்டையில அச்சடிச்ச மாதிரி? குடு அந்த மார்க்குத் தாளை. எங்க என் கண்ணாடி? ம்... முதல் ரெண்டு வருஷம் பி, சி. சரி, போகட்டும். அப்புறம் கோடையில கெமிஸ்ட்ரி, ஏ! அதுக்குக் கீழ டி, டி, எஃப், டி. ஏன் கண்ணு, ஒரு ஏ வாங்கின கையோட மொத்தத்தையும் கோட்டை விட்டிருக்கியே?

— தாளைக் குடுப்பா.

— இரு, இரு. மொத்தத்துல உருப்படியா இருக்கிறது இந்த ஏ ஒண்ணுதான். இதைப் பெருசா எழுதக்கூடாதா?

— விடுன்னு சொல்றேன்ல!

— சரி. சரி, கத்தாத. வேற பேசுவோம். எஸ்டில் எப்படி இருக்கான்? போன வாரம் மர மில்லுல ஒரு பக்கக் கன்னம் பூசணிக்காயாட்டம் வீங்கி நின்னான்.

— வெள்ளிக்கிழமை வரச் சொன்னோம், வரல. கேட்டா வலி நின்னுடுச்சாம். இந்த ஆம்பளைங்களே இப்படித்தான். வீட்டுக்கே போய் இழுத்துட்டு வந்தேன்.

— வலி நின்னா நல்லதுதானே?

— எங்க நல்லது? உள்ள நரம்பு செத்துட்டா வலி தானா நிக்கும். சீழ் நிக்காதுப்பா, அது பாட்டுக்குக் கழுத்துக்கு இறங்கும். அப்பதான் பயப்படணும்.

— எப்பவுமே அப்படித்தானா?

— பல பேருக்கு. ஏன்ப்பா கரண்டியை வெச்சுட்ட?

— ஒண்ணுமில்ல. அந்த ஏ விஷயம் என்னன்னு சொல்லு.

— சொன்னா என்னை வீட்டை விட்டுத் துரத்திடுவ.

— அறுபத்தாறு வயசுல எனக்கு யாரு ரொட்டி சுட்டுப் போடுவா? சொல்லு.

— அந்தக் கோடையில பொருட்காட்சி மைதானத்துல இலவசப் பல் முகாம் போட்டாங்கல்ல? முந்தின நாளே போய் வண்டியில படுத்துக் கெடந்து சீட்டு வாங்கணுமே, அது. ட்ராவிஸ் காலேஜுல இருந்த எனக்கு ஃபோன் பண்ணான். 'அக்கா, கடவாய்ப் பல்லு உயிர் போகுது, என் வண்டி படுத்துடுச்சு, நீ வந்து கூட்டிட்டுப் போ'ன்னான். மறுநாள் எனக்கு கெமிஸ்ட்ரிப் பரீட்சை. 'அடுத்த முகாமுக்குப் போகலாம்டா, அதுவரைக்கும் கிராம்பு வெச்சுக் கடிச்சுக்கோ'ன்னேன். கிராம்புப்பா! பல் டாக்டராகப் போறவ தம்பிக்குச் சொன்ன வைத்தியம். பரீட்சை எழுதினேன். ஏ வாங்கினேன். ஒன்பதாம் நாள் விஷம் ரத்தத்துல ஏறி அவன் போய்ட்டான். அதுக்கப்புறம் எந்த வகுப்புல போய் நான் உக்கார? இப்ப நீயே சொல்லு, 'இழப்பு'ன்னு எழுதறதா, 'நான்தான் காரணம்'னு எழுதறதா?

— அப்போ, அவன் முகாமுக்குப் போகவே இல்லைன்னா நெனச்சுட்டிருக்க?

— போகலைதானே? யாரு கூட்டிட்டுப் போனா அவனை?

— அட கண்ணு. அட என் கண்ணு.

— என்னப்பா?

— நான் கூட்டிட்டுப் போனேன். என் பழைய வண்டியில.

— வேணாம். என்னைத் தேத்தறதுக்காகப் பொய் சொல்லாத.

— எந்திரி. மேல் தட்டுல, உப்பு ஜாடிக்குப் பின்னால என் பல் டப்பா இருக்கு. எடுத்துத் தொற. பல்லுக்கு அடியில பாரு.

— ஏதோ சீட்டு. இருநூத்திப் பதினாலு. தேதி... அப்பா, இது என் பரீட்சை அன்னைக்குத் தேதி.

— சபைக்காரங்க குடுத்ததுன்னு சொன்னதுதான் பொய். அன்னைக்கு நான் வண்டியிலயே தூங்கிட்டேன். அவன் விடிய விடிய வரிசையில நின்னான். திரும்பி வந்து என்னை எழுப்பி, இந்தச் சீட்டைக் கையில திணிச்சான். 'எனக்கு வலி நின்னுடுச்சுப்பா, சத்தியமா. உள்ள ஒரு வண்டியில அளவெடுத்து இன்னைக்கே பல்செட்டு செஞ்சு தராங்க. நீ ஆப்பிள் கடிச்சு எட்டு வருஷமாச்சு, போ'ன்னு முதுகுல கை வெச்சுத் தள்ளினான். சிரிச்சுக்கிட்டே தள்ளினான். வேற சீட்டு இல்ல, தீந்துபோச்சு. நானும் போய் உக்காந்துட்டேன் கண்ணு. திரும்பி வர வழியில ஒரு ஆப்பிள் வாங்கி, நான் கடிக்கிறதை வேடிக்கை பாத்துக்கிட்டே வந்தான். இந்தப் பல்லால நான் கடிச்சது அது ஒண்ணுதான்.

— அப்பா...

— 'நீ டாக்டராகணும், எழுது, மறுபடி எழுது'ன்னு மூணு தடவையும் உன்னை ஏன் விரட்டினேன்னு நெனைக்கிற? படிச்சு முடிச்சு வந்ததும் உன்கிட்ட கேக்க ஒரே ஒரு கேள்வி வெச்சிருந்தேன். அதுவரைக்கும் பொறுக்காது போல இருக்கு, இப்பவே சொல்லிடு. அன்னைக்கு அவனுக்கு நிஜமாவே வலி நின்னுதா, இல்ல, எனக்காகப் பொய் சொன்னானா?

கண்ணுகளா, உங்கள் வீட்டில் யார் வலியும் சொல்லாமல் கிடக்க வேண்டாம். சொன்ன வலியைக் கேட்க வீட்டில் ஒருவராவது விழித்திருக்கட்டும். எல்லோரும் வாயாரச் சிரித்து, நிறைவாய் உண்டு, நீடு வாழுங்கள்.