கரடியைச் சுட்டது யார் என்பது பற்றி

பெயர் நெகானே உரிசாகா. வயது நாற்பத்தேழு. தொழில் செம்மறியாட்டுப் பண்ணை. முகவரி வில்லோ ஓடைச் சாலை, டன்மோர், லார்க்ஸ்பர் மாவட்டம், ஐடஹோ மாநிலம். பதிவு செய்பவர் துணை ஷெரிஃப் டயான் ரஸ்க்.

நான் மேற்படி முகவரியில் பிறந்தது முதல் வசித்து வருகிறேன். எங்கள் ஆடுகள் கோடையில் மலைமேல் மேயும். அவற்றை மேய்ப்பவர் பெரு நாட்டைச் சேர்ந்த தியோஃபிலோ ஹுவாமான். தற்காலிக வேலை விசாவில் ஐந்தாவது கோடையாக எங்களிடம் இருக்கிறார். அப்படிப்பட்ட விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க வேண்டுமானால் அவரிடம் வேட்டை உரிமம் இருக்க வேண்டும். சென்ற வருடம் வரை தியோஃபிலோவுக்கு அது இருந்தது. இந்த வருடம் வந்த மாநிலக் குடியேற்றச் சட்டம், வேட்டை உரிமத்தைக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பாளர்களுக்கும் மட்டுமே தர வேண்டும், மற்றவர் துப்பாக்கியைத் தொட்டாலே குற்றம் என்றது. அதே சட்டத்தில் எங்கள் மாவட்டத் துப்பாக்கி உரிமைச் சங்கம் வெகுநாளாகக் கேட்டு வந்த சலுகை ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்ததால், சங்கத் தலைவர் லமார் ஸ்டாடர்ட் அதற்கு ஆதரவாக ஊர் ஊராகப் பேசினார். நானும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர். கூட்டத்தில் எழுந்து எதிர்த்தேன். லமார், "ஆயுதம் வச்சுக்கிறது கடவுள் குடுத்த உரிமை, நெகானே. அதுக்குத்தான் பாடுபடுறோம்" என்றார். "பெருக்காரனுக்குக் குடுத்தது வேற கடவுளா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். ஓட்டெடுப்பில் தோற்றேன். சட்டம் அமலுக்கு வந்த அன்றே மலைமேலிருந்த துப்பாக்கியை இறக்கி வந்து என் வீட்டில் பூட்டி வைத்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மாவு, உருளைக்கிழங்கு, டின்னில் அடைத்த பீச் பழம், நாய்த் தீனி ஆகியவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குச் சென்றேன். எனக்குப் பின்னாலேயே லமாரின் வண்டியும் வந்தது. நாங்கள் இன்னும் துப்பாக்கி வைத்திருக்கிறோம் என்று யாரோ சொன்னதாகவும், சங்கத்தின் பெயர் கெடாமலிருக்கத் தானே நேரில் பார்க்க வந்ததாகவும் கூறினார். ஒரு தோளில் துப்பாக்கியும் கையில் படம் பிடிக்கத் தயாராகக் கைபேசியும் இருந்தன. தாராளமாகப் பார்க்கச் சொன்னேன். தியோஃபிலோ அவருக்குக் காபி கொடுத்தார். மேய்ப்பர் தங்கும் சக்கர வீட்டுக்குள் லமார் ஏறித் தேடியதில் ஒரு கவணும், தட்டுவதற்கான ஓட்டைச் சட்டியும், அமுக்கினால் அலறும் ஊதுகுழலும் கிடைத்தன.

"கரடி வந்தா இவன் என்ன பண்ணுவான், சட்டி தட்டிப் பாட்டுப் பாடுவானா?" என்று கேட்டார். அதை நான் ஸ்பானிஷில் மொழிபெயர்த்தேன். "போன வாரம் பாடினேன், முதலாளியம்மா. கரடிக்குப் பிடிச்சுது. ரெண்டு ஆட்டோட போயிருச்சு" என்றார் தியோஃபிலோ. அதை மொழிபெயர்த்தபோது லமார் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நாய்கள் குரைத்தன. சாதாரணக் குரைப்பு அல்ல. ஓடைப் பக்கமிருந்து மந்தை முழுவதும் எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. (இந்த இடத்தில் நான் வேகமாகப் பேசுவதாகத் துணை ஷெரிஃப் கூறியதால் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்கிறேன்.) குட்டிகளுடன் வந்த பெண் கரடி ஒன்று ஒரு ஆட்டைக் கவ்விக்கொண்டிருந்தது. லமார், "நீங்க ரெண்டு பேரும் பின்னால போங்க, நான் பாத்துக்கிறேன்" என்று முன்னே நடந்தார். அவரைத் தைரியமில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. சுட்டார். குண்டு மரக்கட்டையில் பட்டுச் சிராய் பறந்தது. கரடி ஆட்டை விட்டுவிட்டு நேராக அவர்மேல் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நம்ப முடியவில்லை. அவர் மல்லாந்து விழுந்தார். துப்பாக்கி புல்லில் தள்ளிப்போய் விழுந்தது. கரடி அவருடைய தொடையைக் கவ்வி உலுக்கியது.

அதன் பிறகு நான் பீச் பழ டின்களை ஒவ்வொன்றாகக் கரடியின்மேல் எறிந்தேன். ஒன்று அதன் மூக்கில் பட்டது. மற்றொன்று லமார்மேல் பட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தியோஃபிலோ சட்டியைத் தட்டிக்கொண்டே கரடிக்கு எதிரே ஓடினார். வேறு யாராக இருந்தாலும் அந்தத் திசையில் ஓடியிருக்க மாட்டார்கள். கரடி விடவில்லை. துப்பாக்கி தியோஃபிலோவின் காலடியில் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "முதலாளியம்மா, எடுக்கலாமா?" என்று கேட்டார்.

ஒரு மனிதன் கரடியின் வாயில் இருக்கும்போது தியோஃபிலோ அனுமதி கேட்டார் என்பதை அப்படியே எழுதும்படி துணை ஷெரிஃபைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான், "எடு! எடு! சுடு!" என்று கத்தினேன். கீழே கிடந்த லமாரும், "சுட்றா! என்னடா பேசிட்டு இருக்கீங்க, சுட்றா!" என்று கத்தினார். தியோஃபிலோவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அது புரிந்தது. எடுத்தார், முழங்கால் போட்டார், கரடி தலையைத் தூக்கும்வரை பொறுத்தார், ஒரே ஒரு முறை சுட்டார். கரடி லமாரின் கால்மேலேயே சாய்ந்தது. குட்டிகள் மரத்தில் ஏறிக்கொண்டன.

அதன் பிறகு அவர் செய்ததையும் கூற வேண்டும். குண்டுகளைக் கழற்றினார். துப்பாக்கியைத் தன் சட்டையை விரித்து அதன்மேல் வைத்தார். பின்னால் நடந்துபோய் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார். மலைமேல் போலீஸ் யாரும் இல்லை. நானும் ஆடுகளும்தான் இருந்தோம். "கையை இறக்கு, வந்து இவரைத் தூக்கு" என்று நான் சொன்ன பிறகே வந்தார்.

இடுப்பு வாரால் தொடையை இறுக்கிக் கட்டி, லமாரை என் வண்டியின் பின்பக்கம் படுக்க வைத்தோம். அவர் தலை தியோஃபிலோவின் மடியில் இருந்தது. மலைப்பாதை முழுவதும் லமார், "நெகானே, அவன்கிட்ட சொல்லு. நான்தான் சுட்டேன். அவன் தொடவே இல்ல. அப்படித்தான் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் மொழிபெயர்த்தேன். தியோஃபிலோ யோசித்துவிட்டு, "கீழ கிடந்தவரு எப்படிம்மா கரடியோட நெத்தியில சுடுவாரு? போலீஸ்காரங்க கரடியப் பாக்க மாட்டாங்களா?" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். "அவன் சொல்றது சரிதான், எழவு" என்று லமார் சொன்னார். அதன் பிறகு மயங்கிவிட்டார்.

மருத்துவமனைக்கு வந்த அதிகாரியிடம் தியோஃபிலோ முதல் கேள்விக்கே, "நான்தான் சுட்டேன்" என்று கூறிவிட்டார். அன்று மாலை மாவட்டச் சிறையில் வைக்கப்பட்டார். குடியேற்ற அலுவலகத்துக்குத் தகவல் போகுமா என்று நான் கேட்டதற்கு, அரசு வழக்கறிஞர் முடிவு செய்வார் என்றார்கள்.

மறுநாள் காலை நான் வந்தபோது இந்த ஷெரிஃப் அலுவலகத்துக்கு வெளியே வண்டி நிறுத்த இடமில்லை. சங்கத்தார் முழுவதும் வந்திருந்தார்கள். அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகப் பிடித்த அதே பலகைகளின் பின்பக்கத்தில், "தியோஃபிலோவை விடு" என்று எழுதியிருந்தார்கள். தியோஃபிலோ என்ற பெயரை மூன்று விதமாகத் தப்பாக எழுதியிருந்தார்கள். மருத்துவர் தடுத்தும் லமார் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். அரசு வழக்கறிஞர் வெளியே வந்ததும், "என் துப்பாக்கி. நான் எடுக்கச் சொன்னேன். என் உசிரக் காப்பாத்த ஒருத்தன் முதலாளியம்மாகிட்ட அனுமதி கேட்டு நிக்கிறான்னா, அந்தச் சட்டத்தக் கொண்டுவந்த என்னத்தான்யா உள்ள வைக்கணும்" என்று எல்லோர் எதிரிலும் கத்தினார். கூட்டம் அடங்க வெகுநேரம் ஆனது.

உயிரைக் காக்க எடுத்த துப்பாக்கிக்கு வழக்கில்லை, குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதவும் ஒன்றுமில்லை என்று இன்று காலை அரசு வழக்கறிஞர் கூறினார். கோப்பை முடிக்க நேரில் பார்த்தவரின் வாக்குமூலம் வேண்டும் என்பதால் இதைக் கொடுக்கிறேன்.

ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. ஜனவரியில் சட்டமன்றம் கூடும்போது அந்தப் பிரிவை நீக்கச் சொல்லி லமாரும் நானும் ஒரே வண்டியில் தலைநகர் பாய்ஸிக்குச் செல்வதாக இருக்கிறோம். அதுவரை தியோஃபிலோ துப்பாக்கியைத் தொடக்கூடாது. ஆகவே ஆடுகள் மலையிலிருந்து இறங்கும்வரை, குடியுரிமையும் துப்பாக்கியும் உள்ள சங்க உறுப்பினர்கள் வாரம் ஒருவராக அவருடன் தங்குவது என்று இன்றும் வாசலில் கூடியிருந்த சங்கத்தார் அங்கேயே முடிவு செய்தார்கள். முதல் வாரத்துக்குப் பல்மருத்துவர் ஒருவர் முன்வந்தார். அவர் இதுவரை வீட்டுக்கு வெளியே தூங்கியதில்லை. விடுதலையாகி வந்த தியோஃபிலோவிடம் இதை விளக்கினேன். அவர் கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார்.

"அப்போ ஆட்டோட சேத்து இவங்களையும் நான்தான் பாத்துக்கணுமா, முதலாளியம்மா?" என்றார்.

ஆம் என்று கூறினேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தவிர இதில் எதையும் சேர்க்கவில்லை. யாருக்காகவும் எதையும் விடவில்லை.

(ஒப்பம்) நெகானே உரிசாகா
என் முன்னிலையில்: டயான் ரஸ்க், துணை ஷெரிஃப்