புகை இழுக்கிற ஃபேன்

ஓம் ஐயா, அந்த ஃபேனப் பத்தித்தான் சொல்லுறன். சுனாமிக்குப் புறகு வெளிநாட்டுக்காரர் தந்த தீயணைப்பு வண்டி. அதுட பின்பக்கம் போல்ட் போட்டு இறுக்கின ஃபேன். எரியிற கட்டடத்துக்குள்ள குழாய விட்டா, புகைய இழுத்து வெளியில தள்ளும். உள்ளுக்குப் போறவனுக்கு வழி தெரியும், மூச்சு விடலாம்.

பழசோ? நாலு வருசம்தான். ஆனா இது வாவிக்கரை, உப்புக்காத்துல எந்த இரும்பு நிக்கும்? பங்குனியில மோட்டர் எரிஞ்சு போச்சு. வினாயகமூர்த்திட மோட்டர் கடையில குடுத்துக் கம்பி சுத்தின.

என்ட பேர் ஜெயராஜா, டிரைவர். ஃபேனும் என்ட பொறுப்புத்தான். எழுதுங்க.

சண்டை முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். சரீப் காக்காட சாக்கு ஸ்டோர் பத்திற்று. காவலாளி உள்ள எண்டு ஆரோ கத்தினாங்க. நம்மட தீயணைப்புப் பொடியன் ரதீஸ், நில்லுடா எண்டா நிக்கிறவனா? உள்ள பாஞ்சித்தான். நான் ஜன்னலால குழாய விட்டு ஃபேனப் போட்டன். புகை குறையல்ல, கூடிற்று. என்ன செஞ்சன் தெரியுமா? இன்னும் வேகத்தக் கூட்டினன். அது இழுக்கல்ல ஐயா, ஊதினது. நெருப்புக்கும் காத்து, அவன்ட முகத்துக்கும் புகை.

காவலாளி றோட்டுல நிண்டு பாத்துக்கிட்டிருந்தான்.

செத்த வீட்டுல தனுஷியா கேட்டாள், ஃபேன் வேல செஞ்சதா அண்ணன் எண்டு. ரதீஸ்ட பொஞ்சாதி. ஓம் எண்டுதான் சொன்னன். அதுக்குப் புறகு சோறு இறங்குதில்ல எனக்கு.

என்ன எழுதுறீங்க? மோட்டர் கடைக்காரன்ட பிழையோ? வேணா ஐயா, அத வெட்டுங்க. அந்த மனிசன் சரியாத்தான் செஞ்சு தந்தவர்.

மணி அடிச்ச உடன ஓடணும், அதால வண்டிட மூஞ்சி எப்பவும் றோட்டுப் பக்கம். ஃபேன்ட வாய் ஸ்டேசனுக்கு உள்ளுக்கு, நாங்க படுக்கிற மர வாங்குப் பக்கம். சித்திர வெக்க. அது இழுக்கிற ஃபேன், எங்களுக்குக் காத்து வராது. மூண்டு வயர்ல ரெண்ட மாத்தி முடுக்கினா எதிர்ப்பக்கம் சுத்தும். அஞ்சு நிமிச வேல. நான்தான் மாத்தின. திருப்பிப் போடுவம், நாளைக்கு, நாளைக்கு எண்டே விட்டுத்தன்.

மாத்தின முதல் நாள் அந்த வாங்குல படுத்தவன் ரதீஸ்தான். நல்ல காத்து அண்ணன், இப்பிடியே கிடக்கட்டும் எண்டான்.