பூக்கடையில் விடவேண்டிய போன்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் அக்காளும் தங்கச்சியும். அக்காள் கையில் புதுப் போன். கடித்துவிடுமோ என்பது போல அதைத் தள்ளியே பிடித்திருந்தாள். திடீரென்று சொன்னாள்:

"நான் ஆஸ்பத்திரிக்குப் போனா, இது என் புள்ளகிட்ட போட்டுக் குடுத்துடும்டி."

அதற்குமேல் எனக்குத் தூக்கம் வருமா? தூங்குவது போல நடித்தேன்.

"போனு எப்படிக்கா போட்டுக் குடுக்கும்?"

"துபாய்லேர்ந்து வாங்கியாந்து குடுத்தப்பவே ஏதோ பண்ணி வச்சிட்டான். நான் எங்க இருக்கேன்னு அங்கேர்ந்தே பாக்குறான். நேத்து ரேசன் கடைல நின்னேன். 'அங்க என்னம்மா இவ்ளோ நேரம்'னு கூப்புட்டுக் கேக்குறான்."

"சுவிட்ச் ஆஃப் பண்ணிடு."

"பண்ணுனா பயந்துபோயி ஊரையே கூப்புடுவான். மார்ல கட்டின்னு தெரிஞ்சா வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவாண்டி. இப்பதான் நல்ல வேலையா கெடச்சிருக்கு."

தங்கச்சி கொஞ்சம் யோசித்தாள்.

"கீழ வீதியில நமக்குத் தெரிஞ்ச பூக்கடை இருக்குல்ல? போன அங்க குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவன் பாத்தா, நீ கோயில்ல இருக்கறாப்பல காட்டும்."

"அவ்ளோ நேரமாடி சாமி கும்புடுவேன்?"

"வேண்டுதல் பெருசுன்னு நெனச்சிக்குவான்."

இருவரும் சிரித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

சிதம்பரம் வந்ததும் தங்கச்சி எழுந்தாள். அக்காள் எழவில்லை. இப்போது போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"டாக்டரு ஏதாச்சும் சொல்லிட்டா, அவன்கிட்ட பேசணும்போல இருக்குமேடி. அப்ப கையில போன் இருக்காதே."