இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு கேபிள்

வீட்டில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்க இன்டர்நெட்டே வேண்டாம். ஒரு கேபிள் போதும். இந்தப் பெட்டியின் முதுகில் ஒரு முனை, அந்தப் பெட்டியின் முதுகில் மறுமுனை. இரண்டுக்கும் அடுத்தடுத்த எண்களைக் கொடுத்துவிட்டால் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். கம்ப்யூட்டர் கடைக்காரனைக் கூப்பிட்டால் இதற்கே மலையைப் புரட்டுகிறவன் மாதிரி பாவனை பண்ணுவான். நான் ஊற்றிவைத்த டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.

உட்காருங்கள். உங்கள் தங்கைக்கு என்ன ஆயிற்று என்றுதானே கேட்டீர்கள்? உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் நீங்கள் அசடு இல்லை. அவளுடைய அறைக்குள் நுழைந்ததிலிருந்து அந்தக் கேபிளையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மனைவியின் அக்கா என்ற மரியாதைக்காகச் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே இன்ஜினியருக்கு வீட்டு வரைபடம் போடுகிறவர்கள். அது தெரியும். ஆபீசில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் நான் போட்ட மாடிப்படியின் படம் இன்ஜினியர் மேஜையில் விரித்துக் கிடந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். "இதுல ஏறினா பீம்ல தலை இடிக்குமேங்க, பாக்கலையா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இன்ஜினியர் சிரித்தார். டீ கொண்டுவந்த ஆள் வரைக்கும் சிரித்தான். அன்றிலிருந்து அங்கே என் பெயர் தலையிடி. தலையிடி வந்தாச்சா, தலையிடிகிட்ட கொடுக்காதே, அவர் வீட்டம்மாகிட்ட கொடு. இதையெல்லாம் அவள் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. நாலு பேர் நடுவில் வைத்துத்தான் புருஷன் மூக்கை உடைக்க வேண்டுமா? வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

பிறகு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அவள் உள் அறையில், நான் ஹாலில். பிரிண்டர் என் பக்கம். ஒவ்வொரு படத்துக்கும் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடந்தாள். கேபிள் போட்டதும் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளுடைய ஃபோல்டரை என் பக்கம் திறந்துவிடும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும்: பார்க்க மட்டும் அனுமதியா, மாற்றவுமா? பார்க்க மட்டும் போதும். நான் மாற்றவும் என்று கொடுத்தேன்.

முதலில் அவள் போட்ட வீட்டில் ஒரு ஜன்னல். அவள் சமையலறையில் இருந்தாள். ஹாலில் இருந்தபடியே அதை ஒரு சாண் நகர்த்தினேன். இன்ஜினியர் போனில் கேட்டபோது, சரியாகத்தான் போட்டேன் என்று சாதித்தாள். திறந்து பார்த்ததும் முகம் வெளுத்துப் போயிற்று. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, "விடும்மா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன். அதைச் சொல்லும்போது எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?

பிறகு ஒரு கதவு. பிறகு ஒரு குளியலறை. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கோட்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சாப்பிட மறந்தாள். அடுப்பை அணைத்தேனா என்று என்னைக் கேட்டாள், வாசலைப் பூட்டினேனா என்று கேட்டாள். அடுப்பிலோ பூட்டிலோ நான் கைவைத்ததே இல்லை. அதெல்லாம் அவளாகச் சேர்த்துக்கொண்டது. அதற்கு என்னைக் குற்றம் சொன்னால் நியாயமில்லை.

அவளுக்குச் சந்தேகம் வந்தது. என் மேல் இல்லை, கேபிள் மேல். இது வந்த பிறகுதான் எல்லாம் என்று சொல்லி ஒரு நாள் பிடுங்கிப் போட்டாள். தவறுகள் நின்றன. அவள் முகம் தெளிந்தது, பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஒரு வீட்டின் படிக்கட்டை முழுசாக அழித்தேன். மாடி இருக்கிறது, ஏற வழியில்லை. அந்தத் தடவை இன்ஜினியர் சிரிக்கவில்லை. அவள் போனைக் காதில் வைத்தபடியே திரையில் அந்தப் படிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவளே மேஜைக்கு அடியில் குனிந்து கேபிளைத் திரும்பச் செருகினாள். என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டாள். "பாவம், அது மேல பழி போட்டேன். எனக்குத்தாங்க மூளை கலங்கிடுச்சு. இனிமே நீங்களே ஒரு தடவை பாத்துக் குடுத்துடுங்க."

நானே பார்த்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அவள் வேலையை விட்டாள், அப்புறம் பேச்சு நின்றது, அப்புறம் மாத்திரை, ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஒரு நாள்கூட அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. அதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

தான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று தெரிந்தால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்கள் போய்ச் சொன்னால் நம்ப மாட்டாள். "அவர் அப்படிப்பட்டவர் இல்லக்கா" என்று உங்களிடமே சண்டைக்கு வருவாள். நான் மாற்றிய படத்தை எடுத்துக் காட்டினாலும் பயனில்லை, தன் கண்ணையே நம்பாதவள் எதை நம்பப் போகிறாள்? நான் என் வாயால் சொன்னால்தான் நம்புவாள். அதற்காகத்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள்.

போலீசிடம் சொல்லச் சொல்லுங்கள், சொல்கிறேன். அந்த இன்ஜினியர் முன்னாலும் நின்று சொல்கிறேன், சிரித்துக்கொள்ளட்டும். அவளிடம் மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? இன்றைக்கு இந்த உலகத்தில் என்னை ஒரு தப்பும் செய்யாத மனுஷனாகப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.